எல்லாம் சரியாக வேலை செய்தது, பணம்தான் போய்விட்டது

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். கணினித் துறையில் கடைசி வருடம் படிக்கிறாராம். தீபாவளிக்கு முன்னால் வீடு சுத்தம் செய்ய ஆள் தேடிய அவருடைய சித்தி, யாரோ அனுப்பிய ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு ஆப்பை நிறுவும் கோப்பு) கைத்தொலைபேசியில் ஏற்றி, இருந்த சேமிப்பு முழுவதையும் இழந்துவிட்டார். கேள்வியின் சுருக்கம் இது: "பினாங்குப் பாலத்தை 1985இல் திறந்தார்கள், 13.5 கிலோமீட்டர், இன்றைக்கும் நிற்கிறது. கடலுக்கு மேல் பாலம் கட்டத் தெரிந்த மனிதனுக்கு ஒரு வங்கி ஆப்பை ஓட்டையில்லாமல் கட்டத் தெரியாதா? கணினிப் பாதுகாப்பு உண்மையிலேயே என்ஜினியரிங்தானா, இல்லை சும்மா வித்தை காட்டுகிறார்களா? இதைப் படித்து நான் என்ன செய்யப்போகிறேன்?"

தம்பி, கோபம் நியாயமானது. பதில் கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள். என் பிழைப்பே இதுதான்: கோலாலம்பூரில் நிறுவனங்கள் காசு கொடுத்துத் தங்கள் சிஸ்டத்தை உடைத்துப் பார்க்கச் சொல்வார்கள், உடைத்துக் காட்டி அறிக்கை எழுதிக் கொடுப்பேன். அதனால் வித்தை காட்டுபவர்களையும் தெரியும், உண்மையாக உழைப்பவர்களையும் தெரியும்.

சித்தியின் விஷயத்திலேயே ஆரம்பிக்கலாம். நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது இங்கே வழக்கமாக நடக்கும் முறைதான். ஃபேஸ்புக்கில் விளம்பரம், வீடு முழுக்கச் சுத்தம், அடிமாட்டு விலை. வாட்சாப்பில் விசாரித்தால் மரியாதையாகப் பதில் வரும், கூடவே "எங்கள் ஆப்பில் பதிவு செய்துகொள்ளுங்கள்" என்று ஒரு கோப்பும் வரும். ப்ளே ஸ்டோரில் இல்லாத கோப்பு என்பதால் ஆண்ட்ராய்டு எச்சரிக்கை காட்டும். அதை எங்கே தட்டித் தாண்டுவது என்று அவர்களே ஸ்கிரீன்ஷாட்டில் சிவப்பு வட்டம் போட்டு அனுப்புவார்கள். ஆப் திறந்ததும் எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேட்கும், கொடுத்தாயிற்று. முன்பணம் பத்து ரிங்கிட்டோ என்னவோ எஃப்.பி.எக்ஸ். என்ற இணையவழி வங்கிக் கட்டணச் சேவை வழியாகக் கட்டச் சொல்லும். வங்கிச் சின்னங்கள் வரிசையாக இருக்கும், பார்த்தால் அசல் மாதிரியே. சித்தி தன் வங்கியைத் தட்டி, பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் போடுகிறார். அந்தப் பக்கம் வங்கியுடையதே கிடையாது, போட்டதெல்லாம் நேராகத் திருடன் கைக்குப் போகிறது. "சிஸ்டம் பிஸி, பிறகு முயலவும்" என்று வரும். சரி, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சித்தி அடுப்படிக்குப் போயிருப்பார். அந்நேரம் திருடன் உண்மையான வங்கித் தளத்தில் நுழைந்து பணத்தை மாற்றுகிறான், வங்கி சித்தியின் எண்ணுக்கு எஸ்எம்எஸ்ஸில் டேக் எண் (ஒருமுறை மட்டும் பயன்படும் உறுதி எண்) அனுப்புகிறது, ஆப் அதைப் படித்துத் திருடனுக்குத் தள்ளிவிட்டு சித்தி கண்ணில் படாமல் மறைத்துவிடுகிறது. பணம் யாரோ வாடகைக்கு விட்ட கணக்குக்குப் போய், அங்கிருந்து இன்னொன்றுக்கு, அப்புறம் தேடிக் கண்டுபிடிப்பது குதிரைக் கொம்பு.

இப்போது வங்கியின் சர்வர் பக்கம் போய் நின்று பாருங்கள். பயனர் பெயர் சரி. கடவுச்சொல் சரி. டேக் எண் சரி, அதுவும் கொடுத்த நேரத்துக்குள் வந்திருக்கிறது. நடுவில் யாரும் குறியாக்கத்தை உடைக்கவில்லை. 128 பிட் சாவியை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து உடைக்க உலகத்துக் கணினிகள் எல்லாம் சேர்ந்தாலும் ஆகாது, திருடனுக்கும் அது தெரியும், அதனால் அந்தப் பக்கமே அவன் தலைவைத்துப் படுக்கவில்லை. ஆண்ட்ராய்டு எச்சரித்தது, கேட்டது, அனுமதி கிடைத்த பிறகுதான் விட்டது. தொலைத்தொடர்பு நிறுவனம் எஸ்எம்எஸ்ஸைச் சரியான எண்ணுக்குத்தான் கொண்டுபோய்ச் சேர்த்தது. ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாகக் கழற்றிச் சோதித்தால் எல்லாமே பாஸ். மொத்தத்தில் சேமிப்பு காலி.

உங்கள் கேள்விக்கு என் பதில் இதற்குள்தான் இருக்கிறது. கணினியால் "இதற்கு அனுமதி இருக்கிறதா" என்று பார்க்க முடியும், அதை மிக நன்றாகவே பார்க்கும். "இதைத்தான் இந்த அம்மா விரும்புகிறாரா" என்று பார்க்க அதற்கு வழியே கிடையாது. நாம் காப்பாற்ற நினைப்பது விருப்பத்தை, காப்பாற்றக்கூடியது அனுமதியை. இந்த இரண்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியைக் குறைக்கலாம், மூட முடியாது.

குறைக்கலாம் என்று சும்மா சொல்லவில்லை. 2022 செப்டம்பரில் நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மற்ற வங்கிகளுக்குச் சில கட்டாயங்களை அறிவித்தது: எஸ்எம்எஸ் வழி வரும் எண்ணை விட்டுவிட்டு இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறு, ஒரு கணக்குக்கு ஒரே ஒரு கைத்தொலைபேசியில்தான் அனுமதி, புதிதாகப் பதிவு செய்தால் சிறிது நேரம் காத்திருக்க வை, சந்தேகமான பரிவர்த்தனையைத் தடுக்கும் விதிகளை இறுக்கு, மோசடி புகாருக்கென்று தனி எண் வை. எல்லாமே நல்ல என்ஜினியரிங். அதிலும் அந்தக் காத்திருப்பு நேரம் எனக்கு மிகவும் பிடித்தது, ஏனென்றால் அதில் எந்த நுட்பமும் இல்லை, திருடனின் அவசரத்தில் கைவைக்கிறது, அவ்வளவுதான். இப்போது பெரும்பாலும் வங்கி ஆப்புக்குள்ளேயே "ஆம், நான்தான்" என்று தட்ட வேண்டியிருக்கிறது. அப்படி மாறிய இடத்தில் எஸ்எம்எஸ்ஸைத் திருடிப் பயனில்லை.

சரி, திருடன் என்ன செய்தான்? கடையை மூடிவிட்டா போனான்? ஆண்ட்ராய்டில் ஆக்ஸஸிபிலிட்டி என்று ஒரு வசதி உண்டு. கண் தெரியாதவருக்குத் திரையில் இருப்பதை வாசித்துச் சொல்ல, கை நடுங்குபவருக்குப் பதிலாகப் பொத்தானைத் தட்ட, இப்படி உண்மையான தேவைக்காக வைத்தது. இந்த அனுமதி கிடைத்த ஆப் திரையைப் படிக்கும், உங்களுக்குப் பதிலாக எதையும் தட்டும். அதாவது "ஆம், நான்தான்" என்பதையும் அதுவே தட்டும். பார்வையற்றவரின் உதவி ஆப்பும் திருடனின் ஆப்பும் சிஸ்டத்திடம் போய்க் கேட்பது ஒரே அனுமதியை, அச்சு அசலாக ஒரே அனுமதியை. எது எது என்று பிரிக்க சிஸ்டத்திடம் என்ன இருக்கிறது? சிங்கப்பூரில் 2023இல் ஒரு வங்கி துணிந்து ஒரு காரியம் செய்தது: ஸ்டோருக்கு வெளியிலிருந்து ஏற்றிய, ஆபத்தான அனுமதிகள் உள்ள ஆப் போனில் இருந்தால் எங்கள் ஆப் திறக்காது என்றது. நல்லதுதான், ஆனால் "என் போனில் என்ன வைத்துக்கொள்வது என்று சொல்ல நீ யார்" என்று வாடிக்கையாளர்கள் பிடித்துக்கொண்டார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது, அதுதான் தொல்லை.

அதையும் அடைத்துவிட்டதாக வைத்துக்கொள்வோம். அடுத்த நாள் போன் வரும். "புக்கிட் அமான் காவல் தலைமையகத்திலிருந்து பேசுகிறோம், உங்கள் பெயரில் பணச்சலவை வழக்கு இருக்கிறது, விசாரணை முடியும்வரை பணத்தை இந்தக் கணக்குக்கு மாற்றுங்கள், யாரிடமும் மூச்சு விடாதீர்கள்." மக்காவ் மோசடி என்று நாம் எல்லாரும் கேள்விப்பட்டதுதான். இதில் திருடன் எந்தக் கணினிக்குள்ளும் நுழையவில்லை. அவருடைய சொந்தப் போன், சொந்தக் கைரேகை, சொந்த முகம், சொந்த விரல். வங்கிக்கு இதைவிட அசலான வாடிக்கையாளர் கிடைக்கவே மாட்டார். இங்கே உங்கள் பாடப்புத்தகத்தில் இருக்கும் எந்த நெறிமுறையும் உதவாது.

பாலத்துக்கு வருகிறேன். கடல் அலைக்குப் பாலத்தின் வரைபடம் தெரியாது. ஒரு தூணைப் பலப்படுத்தினால் அலை உட்கார்ந்து யோசித்துவிட்டு அடுத்த தூணுக்குப் போவதில்லை. வரக்கூடிய காற்று, பாரம், நில அதிர்வு எல்லாவற்றையும் கணக்கிட்டு, அதற்கு மேல் ஒரு பங்கு கூட்டிக் கட்டினால் நிம்மதியாகத் தூங்கலாம். எங்கள் துறையில் அப்படிக் கூட்டிக் கட்ட ஒரு அலகே கிடையாது. இந்த ஆப் அந்த ஆப்பைவிட எத்தனை மடங்கு பாதுகாப்பானது என்று கேட்டால் நேர்மையான எவராலும் எண் சொல்ல முடியாது. யாராவது சொன்னால், அவர் எதையோ விற்க வந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நீங்கள் கணினி படிப்பவர் என்பதால் கோட்பாட்டையும் தொட்டுவிடுகிறேன், வகுப்பில் எப்படியும் வரும். ஒரு நிரல் நிற்குமா நிற்காதா என்பதை எல்லா நிரல்களுக்கும் சேர்த்துச் சொல்லும் பொதுவான வழி இல்லை என்று 1936இல் டூரிங் காட்டினார். நிரல் என்ன செய்கிறது என்பது பற்றிய சுவாரசியமான எந்தக் கேள்விக்கும் அதே கதிதான் என்று 1953இல் ரைஸ். ஃபிரெட் கோஹன் 1980களில் அதை வைரஸுக்குப் பொருத்தி, எல்லா வைரஸையும் பிழையில்லாமல் கண்டுபிடிக்கும் நிரல் சாத்தியமே இல்லை என்றார். இன்னொன்று பலர் சொல்லித்தர மறந்துவிடுவது: ஹாரிசன், ரூஸோ, உல்மன் மூவரும் 1976இல், ஒரு அனுமதி என்றைக்காவது தகாத ஆளிடம் போய்ச் சேருமா என்பதைக்கூடப் பொதுவாகத் தீர்மானிக்க முடியாது என்று நிறுவினார்கள்.

இதையெல்லாம் சொல்லிவிட்டு "பார்த்தீர்களா, கணிதமே முடியாது என்கிறது" என்று கையை விரிப்பவர்கள் உண்டு. அவர்களை நம்பாதீர்கள். இந்தத் தேற்றங்கள் எல்லா நிரல்களையும் பற்றிப் பேசுகின்றன. நமக்கு எல்லா நிரல்களும் எதற்கு? நிரூபிக்கத் தோதாக ஒன்றே ஒன்றை எழுதி அதை நிரூபித்தால் போதுமே.

அதையும் செய்து பார்த்துவிட்டார்கள், இதுதான் இந்தத் துறையில் எனக்கு மிகப் பிடித்த கதை. ஆஸ்திரேலியாவில் எஸ்.இ.எல்.4 என்றொரு இயங்குதளக் கரு (கெர்னல், இயங்குதளத்தின் மையப் பகுதி). 2009இல் அதன் நிரூபணத்தை வெளியிட்டார்கள். சி மொழியில் சுமார் 8,700 வரிகள்தான். ஆனால் "இந்த நிரல் அதன் விவரக்குறிப்பு சொல்வதை மட்டுமே செய்யும்" என்று கணினியே சரிபார்க்கும்படி எழுதிய நிரூபணம் சுமார் 2,00,000 வரிகள், உழைப்பு கிட்டத்தட்ட 20 ஆள் ஆண்டுகள். பஃபர் ஓவர்ஃப்ளோ கிடையாது, நல் பாயிண்டர் கிடையாது (இரண்டும் நினைவகத்தைத் தப்பாகக் கையாளும் பிழைகள்), இருக்க வழியே கிடையாது. ஒப்பிட்டுப் பார்க்க, லினக்ஸ் கரு மூன்று கோடி வரிகளைத் தாண்டிவிட்டது. அதே விகிதத்தில் அதற்கு நிரூபணம் எழுத வேண்டுமென்றால் எத்தனை தலைமுறை ஆகும் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

அந்த நிரூபணத்தைக் கவனமாகப் படித்தால் நேர்மையாக எழுதிய ஒரு பகுதி கண்ணில் படும்: எதையெல்லாம் அப்படியே நம்பிக்கொள்கிறோம் என்ற பட்டியல். வன்பொருள் அதன் கையேட்டில் சொன்னபடி நடக்கும் என்பது அதில் ஒன்று. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர், மெல்ட்டவுன் என்ற ப்ராசசர் ஓட்டைகள் வெளியே வந்தன. வேகத்துக்காக ப்ராசசர் அடுத்து என்ன வரும் என்று ஊகித்து முன்கூட்டியே வேலையைச் செய்துவிடும். ஊகம் தப்பானால் செய்ததை அழித்துவிடும், ஒன்றுமே நடக்காதது போல. ஆனால் அழித்த வேலையின் தடம் கேஷ் நினைவகத்தில் கிடக்கும். அது தொட்ட இடத்தை மறுபடி தொட்டால் பதில் கொஞ்சம் சீக்கிரம் வரும், தொடாத இடம் கொஞ்சம் தாமதம். அந்த நேர வித்தியாசத்தை அளந்து அளந்தே, பார்க்கக்கூடாத நினைவகத்தை ஒவ்வொரு பிட்டாகப் படித்துவிடலாம். கையேடு விடை சரியாக இருக்கும் என்று சொன்னது. விடை சரியாகத்தான் இருந்தது. எவ்வளவு நேரத்தில் வரும் என்பதை ரகசியத்தோடு சேர்த்து யாரும் விவரக்குறிப்பில் எழுதவில்லை.

இது பினாங்குக்காரருக்கு இன்னும் நன்றாகப் புரிய வேண்டும். 1972இலிருந்து பாயான் லெப்பாஸ் பக்கம் சில்லுகளைப் பொருத்திச் சோதித்து அனுப்புகிறார்கள், உங்கள் சொந்தத்திலேயே யாராவது அந்தத் தொழிற்சாலைகளில் ஷிப்ட் பார்த்திருப்பார்கள். அந்தச் சோதனை மேசையில் நின்ற யாரும் வேலையில் குறை வைக்கவில்லை. இந்த உள்ளீடு கொடுத்தால் இந்த வெளியீடு வர வேண்டும், இந்த வெப்பத்தில், இந்த மின்னழுத்தத்தில் வர வேண்டும் என்று சோதிப்பார்கள், தேறியதுதான் பெட்டிக்குள் போகும். ஸ்பெக்டரால் பாதிக்கப்பட்ட சில்லு எந்தச் சோதனையிலும் தேறும், ஏனென்றால் அதில் பழுதே இல்லை. பல நிறுவனங்களின் சில்லுகளில், பல வருடங்களாக, வடிவமைத்தபடியே வேலை செய்துகொண்டிருந்த ஒன்று அது. சித்தியின் கதைதான் இன்னொரு தளத்தில்: எல்லா பாகமும் பாஸ்.

நிரூபணம் வீண் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். எதிரி சி மொழி ஓட்டைகளை விட்டுவிட்டு சிலிக்கானுக்குள் போய் நேரம் அளக்க வேண்டிய நிலைமைக்குத் தள்ளுவது பெரிய வெற்றி. நிரூபிக்கப்பட்ட எல்லைக்கு வெளியேதான் அவன் வருவான், அது தெரிந்துபோனால் எங்கே காவல் போடுவது என்றாவது தெரியும்.

அப்புறம் நம்பிக்கை. நீங்கள் எழுதும் நிரலை நீங்கள் படித்துச் சரிபார்க்கலாம், அதை மொழிமாற்றும் கம்பைலரை? கென் தாம்சன் 1984இல் வெளியான தன் டூரிங் விருது உரையில் இதைக் காட்டினார்: கம்பைலருக்குள் ஒரு திருட்டு வழியை வைத்து, அந்தக் கம்பைலரைக் கொண்டே புதிய கம்பைலரை உருவாக்கினால், மூல நிரலில் ஒரு எழுத்துகூட இல்லாமல் திருட்டு வழி தொடர்ந்து உயிரோடிருக்கும். வெறும் ஏட்டுச் சுரைக்காய் என்று நினைத்தவர்களுக்கு 2024 மார்ச் பாடம். எக்ஸ்.இசட். என்ற சின்ன சுருக்க நூலகம், லினக்ஸ் உலகமே சார்ந்திருப்பது. ஜியா டான் என்ற பெயரில் ஒருவர் இரண்டு வருடத்துக்கும் மேலாக நல்ல பிள்ளையாக உதவி செய்து, களைத்துப்போயிருந்த பராமரிப்பாளரின் நம்பிக்கையைப் பெற்று, பொறுப்பையும் வாங்கிக்கொண்டு, சோதனைக் கோப்பு என்ற பெயரில் பின்வாசல் ஒன்றை உள்ளே வைத்துவிட்டார். (அவருடைய பதிவுகளில் பெரும்பாலும் நேர மண்டலம் +8, அதாவது நம் மலேசிய நேரம். அதுவே போலியாக வைத்ததாக இருக்கலாம் என்று ஆய்ந்தவர்கள் சந்தேகிக்கிறார்கள், அதனால் பக்கத்து வீட்டுக்காரரை முறைக்க வேண்டாம்.) பிடித்தது எந்தப் பாதுகாப்புக் கருவியும் இல்லை. ஆண்ட்ரஸ் ஃப்ராய்ண்ட் என்ற தரவுத்தள நிரலாளர் வேறு எதையோ அளந்துகொண்டிருந்தபோது, எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து இன்னொரு கணினிக்குள் நுழையும் வழி) உள்நுழைவு அரை விநாடி அதிகம் எடுப்பதைக் கவனித்து, ஏன் என்று தோண்டினார். அந்த அரை விநாடி இல்லையென்றால் எங்கே போய் நின்றிருக்குமோ.

காவலுக்கு வைக்கும் கருவியும் நிரல்தான் என்பதையும் மறந்துவிட வேண்டாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனத்தின் ஒரு புதுப்பிப்பு சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகளைப் படுக்க வைத்தது. ஒரு இடத்தில் 21 புலங்கள் எதிர்பார்க்கப்பட்டன, கொடுத்தது 20, அது ஓடியதோ கருவின் உள்ளே, அதனால் கணினியே விழுந்தது. திருடன் யாருமே இல்லை.

இனி ஆகக்கூடியதைச் சொல்கிறேன், ஒரேயடியாக இருட்டடித்துப் பேசினால் அதுவும் பொய்யாகிவிடும். ஆண்ட்ராய்டில் 2019இல் கண்டுபிடித்த பாதுகாப்புக் குறைகளில் 76 சதவீதம் நினைவகப் பிழைகள். புதிதாக எழுதுவதை ரஸ்ட் போன்ற பாதுகாப்பான மொழிகளில் எழுத ஆரம்பித்தார்கள், பழையதை அவசரப்பட்டு மாற்றக்கூட இல்லை. 2024இல் அது 24 சதவீதத்துக்கு வந்துவிட்டது. ஒரு முழு வகைப் பிழையையே இப்படி வேரோடு சாய்க்க முடிகிறது என்றால் இது என்ஜினியரிங் இல்லாமல் வேறென்ன? "கவனமாக எழுதுங்கள்" என்று பல பத்தாண்டுகள் புத்திமதி சொல்லி ஆகாதது, கவனமில்லாவிட்டாலும் தப்பு நடக்காத கருவியைக் கொடுத்ததும் ஆகிவிட்டது.

ஆனால் இந்த மாதிரி வேலைக்கு யாரோ காசு போட வேண்டும், இங்கேதான் நான் உண்மையில் சொல்ல வந்தது இருக்கிறது. கேம்பிரிட்ஜில் இருந்த ராஸ் ஆண்டர்சன் 2001இல் ஒரு கட்டுரையில் ஏடிஎம் உதாரணம் ஒன்றைக் காட்டினார். அமெரிக்காவில் வாடிக்கையாளர் "இதை நான் எடுக்கவில்லை" என்றால், எடுத்தார் என்று நிரூபிக்க வேண்டியது வங்கி. பிரிட்டனில் அப்போது நிலைமை தலைகீழ், வங்கியின் தப்பு என்று வாடிக்கையாளர்தான் நிரூபிக்க வேண்டும். பிரிட்டிஷ் வங்கிகள் பாதுகாப்புக்கு அதிகம் செலவழித்தும் மோசடி அங்கேதான் அதிகமாக இருந்தது. நட்டம் தன் தலையில் விழாது என்று தெரிந்தவன் செலவழிக்கும் விதமே வேறு, சண்டையில் ஜெயிக்கத் தேவையான ஆவணங்களுக்குத்தான் பணம் போகும்.

நானே பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு நிறுவனத்துக்குச் சோதனை செய்து கொடுத்தேன், வேறொருவரின் கணக்கு விவரத்தை முகவரியில் ஒரு எண்ணை மாற்றிப் பார்க்க முடிந்தது. அறிக்கையில் சிவப்பில் போட்டேன். கூட்டத்தில் ஒரு மேலாளர் ரொம்ப அமைதியாகக் கேட்டார்: "இதை யாராவது பயன்படுத்தினால் நமக்கு என்ன நட்டம்?" கொஞ்ச நேரம் பேசிப் பார்த்ததில் நட்டம் வாடிக்கையாளருக்குத்தான், நிறுவனத்துக்குப் பெயர் கெடும், அதுவும் வெளியே தெரிந்தால். அடுத்த வருட பட்ஜெட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிந்தது. அந்த மனிதர் கெட்டவர் கிடையாது, கணக்குச் சரியாகப் போட்டார், அவ்வளவுதான். கணக்கை மாற்ற வேண்டியது சட்டம். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி 2025 ஜூனிலிருந்து தரவு கசிந்தால் 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவித்தாக வேண்டும் என்றானது, அதற்குப் பிறகு என் அறிக்கைகளைப் படிக்கும் வேகமே மாறியிருக்கிறது லா, ஓட்டைகள் பழைய ஓட்டைகள்தான்.

ஏமாற்றப்பட்டுத் தானே அனுப்பிய பணத்துக்கும் இதே வழிதான். பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல் அப்படிப் போன பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கி பாதி, பெற்ற வங்கி பாதி. பெற்ற வங்கியும் பாதி என்பதைக் கவனியுங்கள். வாடகைக் கணக்கைத் திறக்க விட்ட வங்கிக்குச் சுட்டால்தான் அந்தக் கணக்குகளை யார் திறக்கிறார்கள் என்று எட்டிப் பார்க்கும். சிங்கப்பூரும் 2024 டிசம்பரில் ஒரு பொறுப்புப் பகிர்வு முறையைக் கொண்டுவந்தது, ஆனால் அது போலித் தளம் வழியாக நடக்கும் மோசடிக்கு மட்டும். தீய ஆப் வழியாகப் போனதும், தானே மனமறிந்து அனுப்பியதும் அதில் வராது. எங்கே கோடு போடுவது என்று அவர்களுக்கும் கஷ்டம்தான், ஏனென்றால் முழுதும் திருப்பித் தருவோம் என்றால் நானும் நீங்களும் சேர்ந்து வங்கியை ஏமாற்றலாம். விருப்பத்தைப் பார்க்க முடியாத பிரச்சினை அங்கேயும் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

உங்கள் சித்திக்கு: 997ஐ அழைத்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண் அது, பணம் அடுத்தடுத்த கணக்குக்குத் தாவும் முன் முடக்க வேண்டும் என்பதால் ஒவ்வொரு நிமிடமும் முக்கியம். தாமதமாகியிருந்தாலும் காவல் துறையில் புகார் கொடுங்கள், வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுத்து எழுத்தில் பதில் வாங்குங்கள். "நீங்களேதான் கடவுச்சொல்லைக் கொடுத்தீர்கள்" என்று ஒற்றை வரியில் மறுத்தால் அதோடு திரும்பிவிட வேண்டாம், நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையான எஃப்.எம்.ஓ.எஸ்.ஸிடம் கொண்டுபோகலாம். வழக்கமில்லாத நேரம், வழக்கமில்லாத தொகை, புதிய பெறுநர் என்று எதுவும் வங்கியின் விதிகளில் ஏன் சிக்கவில்லை என்று கேளுங்கள், அந்தக் கேள்வி கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. அந்த ஏபிகேயை அழிக்காதீர்கள், சித்தியின் போனை இணையத்திலிருந்து துண்டித்து அப்படியே வையுங்கள், அது சாட்சி. வங்கிக் கடவுச்சொல்லை வேறொரு போனிலிருந்து மாற்றுங்கள்.

உங்களுக்கு: படியுங்கள், விட்டுவிடாதீர்கள். கடைசி வருடத் திட்டத்துக்குத் தலைப்பு தேடுகிறீர்கள் என்றால் இன்னொரு வைரஸ் கண்டுபிடிப்பான் வேண்டாம், வருடா வருடம் அதைத்தான் எல்லாரும் செய்கிறார்கள். பார்வையற்றவர்களோடு உட்கார்ந்து அவர்கள் ஆக்ஸஸிபிலிட்டி வசதியை உண்மையில் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று பாருங்கள், எந்த அதிகாரம் அவர்களுக்குத் தேவையே படுவதில்லை என்று பிரித்து எழுதுங்கள். வங்கி ஆப்பின் உறுதிப்படுத்தும் பொத்தானை மட்டும் அந்த வசதியால் தட்ட முடியாதபடி செய்தால் யாருக்குக் கஷ்டம், அதற்கு மாற்றாக அவர்களுக்கு என்ன கொடுக்கலாம்? ஒரு செமஸ்டருக்குள் அடங்குகிற வேலைதான், பினாங்கிலேயே ஆள் கிடைப்பார்கள். எழுதி முடித்தால் எனக்கும் ஒரு பிரதி அனுப்புங்கள்.